எரித்த இடத்தில் எழுப்ப வேண்டும்

அந்த யோசனை நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில், இரண்டு கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. உட்கார இடம் கிடைத்திருந்தால் தூங்கியிருப்பேன். இந்தக் கதையே இருந்திருக்காது.

உங்களில் ஒருத்தி போன மாதம் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, நீங்க ஏன் கலைக்குழு வேலைய விட்டீங்க? எல்லாரும் ஒவ்வொன்னு சொல்றாங்க" என்று கேட்டாள். மாவட்டக் கலைக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இப்படி எழுதுபவர்கள் வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடங்குவார்கள். எனக்கு அந்த வயது இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து நேராக கலைக்குழுக் கந்தோருக்குள் வேலைக்கு ஓடிப் போனேன், சில வருடங்களில் நடந்து வெளியே வந்தேன். நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, கதிரை போடுவது, ஒலிபெருக்கிக்காரனோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நீங்களே ஒரு மாதத்தில் பழகிவிடுவீர்கள். அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லித் தராத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

போர் நிறுத்தம் வந்திருந்த காலம். வடக்கு வீதி திறந்து, தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு யாழ்ப்பாணத்து வெங்காயம் வரத் தொடங்கியிருந்தது. கலைக்குழுவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மூன்று நாள் சமாதானக் கலைவிழா, மாத்தளை நகர மைதானத்தில். அதற்கு முன் எந்த விழாவென்றாலும் கணக்கு ஒன்றுதான்: ஒரு சமூகத்துக்கு ஒரு நிகழ்ச்சி. சிங்களவருக்குக் கண்டி நடனம். முஸ்லிம்களுக்கு றபான் மேளம். தமிழருக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடை நடனம். அந்தக் கூடை நடனத்தை ஆடுவது நகரப் பாடசாலையின் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். முதுகில் பிளாஸ்டிக் கூடை, கையில் காகித இலை. தோட்டத்தில் உண்மையாகவே கொழுந்து பறிக்கிறவர்கள் மைதான வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இப்புடிப் பறிச்சா அரைப்பேருதான் போடுவாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அரைப்பேரு என்றால் அரை நாள் சம்பளம்.

அன்று நாவுலயில் விவசாயிகளின் சிங்கள நாடகக் குழு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். அவர்களுடைய நாடகத்துக்கு விழாவில் ஒரு முழு மாலை ஒதுக்கியிருந்தோம். பஸ் குலுங்கிக் குலுங்கி வர, எனக்கு அதற்கு முந்திய மாசி மாதம் யட்டவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பார்த்த காமன் கூத்து நினைவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்காக: மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்க அம்பு விடுகிறான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுகிறார். ரதி அழுது மன்றாட, மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுகிறான். மூன்றாம் நாள். எங்கள் விழாவும் மூன்று நாள்.

முதல் நாள் தகனத்தோடு திறப்போம், மூன்றாம் நாள் எழுப்புதலோடு முடிப்போம். செத்த அன்பு திரும்ப எழும்புகிறது. சமாதானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பஸ்ஸில் சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. கொண்டக்டர் சிங்களத்தில், "மூட்டைக்கும் டிக்கட் எடுத்தீங்களா நங்கி, இல்ல சிரிப்புக்கு மட்டுமா?" என்றான். மூட்டை என்னுடையது இல்லையென்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் மாத்தளை வந்துவிட்டது.

கலைக்குழுச் செயலாளரிடம் சொன்னேன். அவர் வடக்கிலிருந்து இங்கே மாற்றலாகி வந்து, தலைமுடி நரைக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டவர். சிங்களம் தண்ணீராக ஓடும். கலவர வருடத்தில் வீட்டை இழந்து, திரும்ப அதே வீதியில் வாடகைக்கு இருந்தவர். இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதை வைத்து அவரைத் தவறாக எடைபோடுவீர்கள்.

"நல்ல யோசினை பிள்ளை," என்றார். "ஆனா நெருப்பு. அங்காலை கூட்டம். கவனமாச் செய்யுங்கோ."

கலைக்குழுத் தலைவருக்கு நெருப்பு என்ற சொல்லே பிடித்துவிட்டது. அவர் மாவட்டத்தின் பெரிய உத்தியோகத்தர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "மைதானத்தின் நடுவில் எரிப்பீர்களா? படம் நன்றாக வரும்," என்றார் சிங்களத்தில். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

தோட்டத்துக்குப் போனேன். பிரட்டுக்களத்தில், காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தத் திடலில்தான், மாசியில் கூத்து நடக்கும். கூத்து வாத்தியார் ஒரு ரப்பர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"எரிக்கிறது லேசு மிஸ்," என்றார். "எழுப்புறதுக்குத்தான் ஆளு வேணும், நேரம் வேணும். எரிச்ச எடத்துலயே எழுப்பணும். மாசி இல்லாத மாசத்துல செய்யிறோம். அம்மன்கிட்ட பூ கேட்டுத்தான் முடிவு சொல்லுவோம்."

"மூன்றாம் நாள் கடைசி நிகழ்ச்சி உங்களுடையதுதான். அதே இடம். மாத்த மாட்டாங்க."

"மாத்த மாட்டாங்களா, மாத்த மாட்டீங்களா?"

"ரெண்டும்தான்," என்றேன். அவர் வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

ரதி வேடம் கட்டுபவர் செல்வராஜ். காலையில் ரப்பர் பால் வெட்டுவார். கூத்துக்காக மீசையை எடுத்துவிட்டால், அவருடைய மனைவி ராணி பத்து நாள் அவரை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாளாம். அந்தத் தோட்டத்து வழக்கம் ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டேன். மற்றத் தோட்டங்களில் எப்படியோ தெரியாது. தகனம் முடிந்ததும் ரதிக்குத் தாலி இறக்கி வெள்ளைச் சேலை கட்டுவார்கள். மன்மதனை எழுப்பும்வரை அவர் அந்த வெள்ளையைக் கழற்றக் கூடாது. வீட்டுக்குள் போகக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி முகத்தில், பிறந்த குழந்தை முகத்தில் விழிக்கவே கூடாது. எழுப்பியதும் பூவும் பொட்டும் வைத்து, வெள்ளையை மாற்றிவிட்டு, மனிதனாக வீட்டுக்குப் போகலாம்.

ராணி அப்போது நிறைமாதம்.

"மூணு நாள் டவுன் கோயில் மண்டபத்துல வெள்ளச்சீலயோட உக்காந்திருப்பாரு," என்றாள் அவள், வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு. "எனக்கும் மூணு நாள் நிம்மதி. ஊருக்கு முன்னால தாலிய எறக்கி அழுவாரு பாருங்க மிஸ், எல்லாரும் அழுவாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வரும்."

"வேற ஆள் ரதி கட்ட முடியாதா?"

"வேற ஆளா," என்றார் செல்வராஜ். "மன்மதன் கட்டுறவன் இவங்க அண்ணன். வேற பொம்பளைக்கு அவன் தாலி கட்ட மாட்டானாம்."

இருவரும் சிரித்தார்கள். நாள் இன்னும் இருக்கிறது என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அம்மனும் பூக் கொடுத்துவிட்டது. சம்மதித்தார்கள்.

முதல் நாள் மாலையை என்னால் குறை சொல்ல முடியாது. மைதானத்து நடுவில் கம்பம் நின்றது: மூங்கில், வைக்கோல் பிரி, மாவிலை. தப்பு மேளச் சத்தம் கேட்டு கடைவீதி முழுக்க இறங்கி வந்தது. முஸ்லிம் முதலாளிமார் கதவுப் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கும் நேரத்தில் சிவன் கண்ணைத் திறந்தார். கம்பி வழியாக வாணம் சீறி ஓடி வைக்கோலைப் பிடித்தது. பிறகு ரதி அழுதார். ஒப்பாரியின் ஒரு சொல்கூட விளங்காத ஒரு சிங்களப் பெண் எனக்குப் பக்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் சும்மா நிற்கவில்லை. போவோர் வருவோரிடமெல்லாம், "ஞாயிற்றுக்கிழமை வாங்க, எழுப்புறதப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் நாள் மதியம், மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்தில் குழு கூடியது. மூன்றாம் நாளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய விருந்தினர் வருகிறார், கூடவே ஒரு இசைக்குழு வருகிறது என்று தகவல். பாதுகாப்புக்காரர்கள் மைதானத்தைத் துடைத்து வைக்கச் சொல்கிறார்கள். எரிந்த கம்பம் நிற்கிற இடத்தில் விருந்தினர் கதிரை வர வேண்டும்.

"எழுப்புதல் இருக்கிறதே," என்றேன்.

தலைவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "இது வெள்ளிக்கிழமை நடந்துவிட்டதுதானே?"

"அது தகனம். இது எழுப்புதல்."

"ஒரே கூத்து, ஒரே ஆட்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டாம் தரம் ஏன் போட வேண்டும்? ஒரு சமூகத்துக்கு ஒரு நிகழ்ச்சி. உங்களுக்கு இரண்டு கொடுத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாக நடப்பதாக நினைத்துச் சொன்னார். இதைக் கவனியுங்கள். எங்கள் வேலையில் பெரிய கெடுதல்கள் எதுவும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. கணக்குச் சரிவருவதற்காக நடக்கின்றன. அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட, ஒரு கதையின் இரண்டாம் பாதி வேறு, அதே கதையை இரண்டு தரம் போடுவது வேறு என்று தோன்றவில்லை. நான் விளக்கினேன். வேகமாகப் பேசினேன். அதிகம் பேசிவிட்டேன் என்பது முகங்களில் தெரிந்தது. கால் மணி நேரம் போதும் என்றேன். விருந்தினர் வருவதற்கு முன்பே முடித்துவிடுவதாகச் சொன்னேன். காலையிலேயே சோதனை முடித்து வாசலைப் பூட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரும் உள்ளே இல்லை என்றார்கள்.

செயலாளர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "பிள்ளை, இதிலை நிண்டு சண்டை பிடிச்சியள் எண்டால் அடுத்த வருஷம் அந்தக் கூடை டான்ஸும் இல்லை. எங்களுக்கெண்டு இருக்கிற இடம் எவ்வளவெண்டு எனக்குத் தெரியும். அதுக்குள்ளை நிண்டுதான் இவ்வளவு காலமும் நான் உயிரோடை இருக்கிறன்."

"அவர் வெள்ளைச் சேலையோட உக்காந்திருக்கிறார் ஐயா. மனைவி பிள்ளைத்தாய்ச்சி."

"சேலையைக் கழட்டச் சொல்லுங்கோ. நாடகந்தானே."

கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சொன்னேன். வாத்தியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "கம்பத்த அவங்க புடுங்கிறதுக்கு முன்னால நாங்க போயிப் பாக்குறோம்," என்றார். செல்வராஜ் மூலையில் வெள்ளையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "சொன்னீங்கதானே மிஸ், ரெண்டும்தான்னு," என்றார். குத்திக்காட்டியதாகக்கூட இல்லை. நினைவுபடுத்தினார், அவ்வளவுதான்.

அன்று மாலையே ராணிக்கு நோவு கண்டுவிட்டது. தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

மூன்றாம் நாள் விடிவதற்குள் நகரசபை ஆட்கள் கம்பத்தைப் பிடுங்கி, சாம்பலைக் கூட்டி, ட்ரக்டரில் ஏற்றிவிட்டார்கள். வாத்தியார் போனபோது அந்த இடத்தில் சிவப்பு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்களாம். அவரும் மற்றவர்களும் சாம்பல் போன இடத்தைத் தேடிக்கொண்டு போக, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெண் குழந்தை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம் என்று ராணியின் அண்ணன் மண்டபத்துக்கு வந்து செல்வராஜிடம் சொன்னான். மன்மதனாக எரிந்தவன் அவன்தான். அவன் வீட்டுக்குள் போகலாம், ஆஸ்பத்திரிக்குள் போகலாம். செத்தவனுக்குத் தடையில்லை, அழுதவருக்குத்தான்.

செல்வராஜ் ஆஸ்பத்திரி வாசல்வரை போய், எதிர்ப்பக்கம் மதிலோரம் நின்றிருக்கிறார். எவ்வளவு நேரமோ. பிறகு மைதானத்துப் பக்கம் நடந்திருக்கிறார். எரித்த இடத்தை வேலிக்கு வெளியிலிருந்தாவது பார்த்து, தனக்குத் தெரிந்த நாலு வரியைப் பாடிவிட்டு வெள்ளையைக் கழற்றலாம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். சேலையில் சட்டைப் பை கிடையாது. அடையாள அட்டை மண்டபத்தில், சட்டைக்குள். முகத்தில் இரண்டு நாள் பழைய மஞ்சளும் மையும். கொழும்பிலிருந்து பெரிய விருந்தினர் வருகிற வீதியில், பெண் வேடமிட்ட ஒரு தமிழ் ஆண், அட்டை இல்லாமல். போர் நிறுத்தம் என்று பெயர்தான். யாரும் எதையும் மறந்திருக்கவில்லை. மைதான வேலியோரம் இரண்டு எட்டு வைப்பதற்குள் பொலிசார் பிடித்துவிட்டார்கள்.

எனக்குத் தகவல் வந்தபோது மேடையில் வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. பொலிசுக்கு ஓடினேன். செல்வராஜ் ஒரு மர வாங்கில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

நான் சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னேன். அம்பு, நெற்றிக் கண், சாம்பல், வெள்ளைச் சேலை, குழந்தை. அவர் உன்னிப்பாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை தன் மனைவி பிள்ளைகளோடு வந்து பார்த்ததாகக்கூடச் சொன்னார்.

"நல்ல கூத்து. இவர் இன்றைய விழாவில் இருக்கிறாரா?"

"வெள்ளிக்கிழமை இருந்தார்."

"இன்றைக்கு?"

இன்றைக்கு இல்லை. இன்றைக்கு அவர் இல்லாமல் ஆக்கியது நாங்கள்தான். அதை எப்படிச் சொல்வது? மைதானத்துக்குத் தொலைபேசி எடுத்தார். தலைவர் உள்ளதைச் சொன்னார்: இன்று அப்படி ஒருவரும் எங்கள் நிகழ்ச்சியில் இல்லை.

பொறுப்பதிகாரி கொஞ்சம் யோசித்தார். "ஒன்று செய்யலாம். இந்தச் சேலையைக் கழற்றி, முகத்தைக் கழுவி, ஆண்பிள்ளை மாதிரி நின்றால், அட்டையைக் கொண்டுவரச் செய்து காட்டிவிட்டுப் போகட்டும். இந்தக் கோலத்தில் நான் இவரை வீதியில் விட முடியாது. என் வேலை போய்விடும்."

செல்வராஜிடம் திரும்பினேன். அவருக்கும் சிங்களம் தெரியும், விளங்கியிருந்தது.

"கழட்டுறதுக்கில்ல மிஸ்," என்றார். "இதோட போயி புள்ளையப் பாத்தாலும் தப்பு. எழுப்பாம கழட்டிப்புட்டுப் போயிப் பாத்தாலும் தப்பு. இங்கயே இருக்கேன். பரவால்ல."

"உள்ள போட்டுருவாங்க."

"போடட்டும். உள்ளுக்குப் போனவங்க புள்ளையப் பாக்க முடியலன்னா யாரும் கொற சொல்ல மாட்டாங்க."

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "கழட்டுங்க, நாடகந்தானே," என்று நான் சொல்லியிருந்தால் ஒருவேளை கழற்றியிருப்பார். நான் படித்தவள், மிஸ். என் பேச்சுக்கு அங்கே எடை இருந்தது. சொல்லவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். சரிதான். அந்த மனிதரிடம் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்தச் சேலையின் முறை ஒன்றுதான். மிச்சத்தையெல்லாம் நாங்கள் கூட்டி அள்ளிவிட்டிருந்தோம்.

விருந்தினர் வாகனம் திரும்பிப் போன பிறகு செயலாளர் வந்தார். வியர்த்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பொறுப்பதிகாரியின் மேசைக்குக் குனிந்து, அழகான சிங்களத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சேர், இந்த ஆளுக்குக் கொஞ்சம் மூளை சரியில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வேடம் போட்டதிலிருந்து இப்படித் திரிகிறார். நான் பொறுப்பு."

பொறுப்பதிகாரியின் முகம் தெளிந்தது. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு கையெழுத்து. அந்த வெள்ளைச் சேலையோடேயே விட்டார்கள். பைத்தியத்துக்குச் சேலை கட்ட உரிமை உண்டு.

நான் உண்மையைச் சொன்னேன்; அது அவரைச் சிறைக்குக் கொண்டுபோகப் பார்த்தது. தலைவரும் உண்மையைத்தான் சொன்னார். பொய் சொன்னவர்தான் வெளியே எடுத்தார். வாசலில் செயலாளர் என்னிடம், "வெளியிலை வந்திட்டார்தானே பிள்ளை," என்றார். தன் வாழ்நாளில் தனக்காகவும் இப்படி எத்தனை தரம் சொல்லியிருப்பாரோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவரை வெறுக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் நடக்கவில்லை.

செல்வராஜ் வீதியில் இறங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "ஐயா சொன்னதும் நல்லதுதான் மிஸ். பைத்தியம்னா எங்க வேணும்னாலும் போகலாம். அட்ட கேக்க மாட்டாங்க."

அடுத்த நாள் காலையில் ட்ரக்டர்காரரைக் கண்டுபிடித்தோம். "சாம்பலா? நேத்து அள்ளுனதுதானே? வாங்க காட்டுறேன். வாழ மட்டைக்கும் சந்தைக் குப்பைக்கும் நடுவுல கெடக்கும்," என்றார். சுது கங்கை ஆற்றுப் பக்கம், நகரத்துக் குப்பை கொட்டும் இடம். எரித்த இடம் போய்விட்டது; எரித்த சாம்பல் இருக்கிற இடம்தான் இனி அந்த இடம் என்று வாத்தியார் முடிவு சொன்னார். பாதி எரிந்த மூங்கிலை அவரே இழுத்தெடுத்து, குப்பைக்குள் நட்டு, கல் வைத்து இறுக்கினார்.

அங்கே எழுப்பினோம். தப்பு மேளம் ஒன்றுதான் இருந்தது. காகங்கள் எழும்பி எழும்பி உட்கார்ந்தன. வாத்தியார் ஒரு வரியையும் விடாமல், மைதானத்தில் எப்படிப் பாடியிருப்பாரோ அப்படியே முழுக் குரலில் பாடினார். ராணியின் அண்ணன் சாம்பலுக்குள்ளிருந்து எழுந்து நின்றான். செல்வராஜுக்குப் பூவும் பொட்டும் வைத்தார்கள். ட்ரக்டர்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் வரிசைக் கதிரையில் இருந்திருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

வீதியோரக் குழாயில் முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு செல்வராஜ் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். ராணி குழந்தையைக் காட்டவில்லை. முதலில் கேட்டாள்:

"எழுப்பிட்டீங்களா?"

"எழுப்பியாச்சு."

"எங்க?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "டவுன்லதான்," என்றார். "நல்ல கூட்டம்."

அவள் சிரித்துக்கொண்டே துணியை விலக்கினாள்.

விழா சிறப்பாக நடந்ததாகக் குழு பதிவு செய்துகொண்டது. தீப்பிழம்புக்கு முன்னால் தலைவர் நிற்கும் படம் கந்தோர்ச் சுவரில் மாட்டப்பட்டது. நீங்கள் தினமும் அதற்குக் கீழேதான் உட்காருகிறீர்கள். அடுத்த வருடத் திட்டக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள்: "அந்தத் தோட்டத்து ஆட்களைத் திரும்பக் கூப்பிடலாமே. எரிக்கிறதை மட்டும். அது நன்றாக இருந்தது."

எரிக்கிறதை மட்டும். செயலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அவ்வளவுதான் நான் வேலையை விட்ட கதை. சண்டையும் இல்லை, ஊழலும் இல்லை. சந்தையில் சொல்கிற வேறு எதுவும் இல்லை.

பிறகு போர் திரும்ப வந்தது. சமாதானக் கலைவிழா நின்றுபோனது. தோட்டத்தில் மாசிக் கூத்து நிற்கவில்லை. இப்போது நான் நகரத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். மாசி வந்தால் மேலே தோட்டத்துக்குப் போய்விடுவேன். வாத்தியார் என்னை இன்னும் முழுசாக நம்பவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போடுகிறார், ஆனால் "ரெண்டும்தானா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்குவார். நியாயம்தான்.

இந்த மாசிக்கு ஒன்று செய்யப் போகிறோம். கலைக்குழுவை அழைக்கிறோம். தலைவர், செயலாளர், நீங்கள், எல்லோரும். மேடை இல்லை, சிவப்பு விரிப்பு இல்லை, பிரட்டுக்களத்தில் தரையில் உட்கார வேண்டும். வாகனம் கீழே பாலத்தடியோடு நின்றுவிடும். போன மழைக்கு வீதி உடைந்தது, யாரும் கட்டித் தரவில்லை, முதன்முறையாக அது எங்களுக்கு உதவப் போகிறது. பாலத்தடியில் காத்து நிற்க எந்தச் சாரதியும் சம்மதிக்க மாட்டான். இறங்கிப் போக வேண்டுமென்றால் யட்டவத்தை பஸ்தான்.

கம்பத்தைக் கொளுத்துவது கடைசி பஸ் போன பிறகு. நேரத்தை வாத்தியாரே தீர்மானித்துவிட்டார். மூன்று நாளும் உங்களை இருக்கவைக்க எங்களால் முடியாது. ஆனால் அந்த ஓர் இரவு, ரதியாக அழுதவர் வெள்ளைச் சேலையோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, நீங்களும் அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். முதல் பஸ் விடிந்துதான் வரும்.